விராலி வேலி, மூன்றடி ஓர் அங்குலம்

ஏற்காட்டில் காசு கொடுத்து விராலிச் செடி கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கிளியூர்ப் பாதையில் இருக்கும் நர்சரிக்காரர் வாய்விட்டே சிரித்தார்.

"விராலியா? அது காட்டுல சும்மா கெடக்குது கண்ணு. ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும். துராண்டா கொண்டு போ. மஞ்சமஞ்சேன்னு பளிச்சுன்னு இருக்கும். எல்லா ரிசார்ட்டுலயும் அதான் வெச்சிருக்காங்க."

"எனக்குப் பளிச்சுன்னு வேண்டாமுங்க. வருசம் பூரா எல உதிராம அடைசலா நிக்கணும். ஆடு திங்காததுதான் வேணும்."

"அதுக்குச் செவுரு கட்டிரலாமே."

சுவர் யோசனை எனக்கு வராமல் இல்லை. ஆனால் சுவர் என்றால் கொத்தனார், கையாள், கல் இறக்க நாலு பேர் என்று பத்து நாளைக்கு முற்றம் முழுக்க ஆம்பளைகள் நிற்பார்கள். எந்த ஆம்பளையின் கண்ணிலும் அம்மா படக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சுவரே. செடி என்றால் நான் ஒருத்தியே குழி தோண்டி நட்டுவிடலாம். பி.எஸ்சி. தாவரவியல் வேறு. மூன்று வருடம் சேலத்துக்கு பஸ்ஸில் போய்ப் படித்த படிப்புக்கு வீட்டில் முதல்முறையாக ஒரு வேலை வந்திருக்கிறது. விடுவேனா?

அத்தா இறந்து அன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். சேர்வராயன் கோயில் நோம்பிக் கூட்டம் வடிந்து மழை பிடித்திருந்த வாரத்தில், கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அன்று மாலை அடக்கம். அன்றிலிருந்து அம்மா இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் மனைவி வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் பார்வையில் படாமல் இருப்பது எங்கள் பழக்கம். அதற்குப் பெயர்தான் இத்தா.

சேலத்தில் ஒரு சந்துக்குள் வீடு என்றால் இது பெரிய விஷயமில்லை. எங்கள் வீடு சுற்றுலாக்காரர்கள் அருவிக்குப் போகும் ரோட்டில், வளைவில் இருக்கிறது. முன்னால் கடை, கடையை ஒட்டி முப்பது அடிக்கு முற்றம், அதற்குப் பின்னால் வீடு. வீட்டின் முதுகு வெட்டிய மண் மேட்டில் சாய்ந்து நிற்கிறது. மழைக்காலத்தில் பின்சுவர் அழும். வெளிச்சம் என்று ஒன்று வருவதானால் முற்றத்தின் வழியாகத்தான் வர வேண்டும். முற்றத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது. அதனால் அம்மா முதல் நாளே ஹாலின் ஒற்றை ஜன்னலில் பழைய போர்வையை ஆணி வைத்து அடிக்கச் சொல்லிவிட்டாள். பகல் பதினொரு மணிக்கு லைட் போட்டுச் சாப்பிட்டோம்.

நான் பள்ளிவாசல் ஹஜரத்துக்கு போன் போட்டுக் கேட்டேன். "முற்றத்துல தாராளமா உக்காரலாம்மா, அதுவும் ஊடுதானே. ஒரு மறைவு இருந்தா போதும்" என்றார். கெத்தாகப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"மறைவு எங்க?" என்றாள்.

கோபத்தில் நான் ஒன்று கேட்டேன். இருபது வருடமாக இதே ரோட்டோரத்தில் நின்று பிரெட் ஆம்லெட் போட்டவள் அவள். "இன்னும் ரெண்டு முட்டை" என்று கத்துகிறவனை "கண்ணு, வரிசைல வா, நாங்க எங்கயும் ஓடிப் போயிர மாட்டோம்" என்று திருப்பிக் கத்துகிறவள். காலேஜ் பையன்கள் ஒரு பஸ் நிறைய அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "அத்தனை பேர் பாத்தாச்சு, இப்ப என்னம்மா புதுசா?" என்றேன்.

"அது அவரு இருக்கறப்ப. இது அவருக்காக நான் செய்யறது. வேற என்ன செய்ய முடியும் நான் அவருக்கு, நீயே சொல்லு."

மறைவுக்குக் கயிறு தேடப் போனேன்.

முதலில் நீலத் தார்ப்பாய் கட்டினேன். வளைவில் அடிக்கிற காற்று அதை விடிய விடிய அறைந்தது. மூன்றாம் நாள் காலையில் அது கயிற்றோடு பிய்த்துக்கொண்டு போய் ரோட்டில் வந்த ஒரு காரின் கண்ணாடியை அப்படியே போர்த்தியது. காரில் இருந்த குடும்பம் மொத்தமாக அலறியது. இறங்கி வந்தவர் தார்ப்பாயை என் கையில் கொடுத்துவிட்டு, "கோவிலுக்குப் போயிட்டு வர்றோம்மா, இல்லாட்டி நல்லாக் கேட்டிருப்பேன்" என்றார். அதற்குப் பிறகுதான் செடி.

டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். "மனைப் பலகையில உக்காரும்மா."

"எதுக்கு?"

"அளவெடுக்கணும்."

"கபன் துணிக்கா? அதுக்குள்ள என்னடி அவசரம் உனக்கு?"

அடக்கத்துக்குச் சுற்றுகிற கபன் துணியை வைத்து, அத்தா போன பிறகு அவள் அடித்த முதல் நக்கல் அது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தரையிலிருந்து முக்காடு வரைக்கும் டேப்பைப் பிடித்தேன். மூன்று அடி ஓர் அங்குலம். செடியை ஒட்டிப் பலகையில் உட்கார்ந்த அம்மாவை மறைக்க அது போதும். ரோடு முற்றத்தின் மட்டத்திலேயே இருப்பது ஒரு அதிர்ஷ்டம். இரண்டடிக் கன்று கிடைத்தால், மழையும் உதவினால், இரண்டரை மாதத்தில் எட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மீதி ஒன்றரை மாதமாவது அவள் வெயிலில் உட்காருவாள்.

கன்று கொண்டு வந்தது கரடியூர் மாமா. கரடியூரில் அவருக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மழைக்குச் சாமை. ஆனால் அவர் தொழில் கவாத்து. முப்பது வருடமாக எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்க் காப்பிச் செடியை வெட்டிச் சீர்பண்ணுகிறவர். எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டர்களே அவரிடம் கேட்டுத்தான் எந்தக் காட்டை எப்போது வெட்டுவது என்று முடிவு செய்வார்கள். தினம் முதல் பஸ்ஸில் இறங்கி எங்கள் கடையில் ஒரு டீ. அத்தாவும் அவரும் மச்சான் மச்சான் என்றுதான் பேசிக்கொள்வார்கள். ரத்த உறவு எதுவும் இல்லை, ஆனால் அம்மாவுக்கு அவர் அண்ணன். அவருக்கு அம்மா தங்கச்சி.

"எஸ்டேட்டுல எல்லைக்கு வெக்கறதுக்குப் பையில போட்ட விராலி அறுபது கன்னு மிச்சம் கெடக்குது கண்ணு. ஜீப்புல ஏத்தியாரச் சொல்றேன். எதுக்குங்கறேன் இம்புட்டு?"

"மாடு வருதுங்க மாமா. வேலிக்கு."

பொய்தான். அம்மா வெளியே வருவதில்லை, எங்கள் பழக்கம் அது என்ற அளவுக்கு அவருக்குத் தெரியும். யார் யாருக்கு அவளைப் பார்க்க அனுமதி, யாருக்கு இல்லை என்பது தெரியாது. இந்தச் செடி எதற்கு என்று சொல்ல ஆரம்பித்தால், இருபது வருடமாக அண்ணா என்று கூப்பிட்ட உங்களையும் சேர்த்துத்தான் மறைக்கப்போகிறது என்பதில் போய் முடியும். ஊரில் எல்லோரிடமும் வாயடிக்கிற நான் அந்த ஒரு இடத்தில் மட்டும் மாட்டைக் காட்டித் தப்பித்தேன்.

முப்பது அடிக்கு இரண்டு வரிசை. வரிசைக்கு வரிசை ஒரு அடி, கன்றுக்குக் கன்று ஒரு அடி. முன் வரிசையின் இடைவெளிக்கு நேராகப் பின் வரிசைக் கன்று வரும்படி மாற்றி மாற்றி நட்டேன். மழையில் செம்மண் முழங்கால் வரை ஏறியது. குழிக்கு இரண்டு கை மக்கிய சாணி. ஒரு கன்றுகூடப் போகவில்லை. விராலிக்கு அப்படி ஒரு பிடிவாதம். இலையைத் தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், புளிப்பாக ஒரு வாசனை அடிக்கும், வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும்.

வேலிச் செடி வளர்ப்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. உயரம் வேண்டுமென்றால் சும்மா விட வேண்டும். ஆனால் சும்மா விட்டால் ஒல்லியாக மேலே ஓடிவிடும், நடுவில் காலியாக இருக்கும். நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் நாலு கிளை வெடித்து அடையும், ஆனால் உயரத்தில் பத்து பதினைந்து நாள் போய்விடும். அந்தப் பத்து பதினைந்து நாளும் அம்மா வெயிலில் உட்கார வேண்டிய நாள்கள். மூன்றாவது வாரம் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அறுபது செடியின் முன்னால் நின்றேன். அப்புறம் கிள்ளினேன். அறுபதையும்.

"என்ன பண்ற?" போர்வைக்குப் பின்னாலிருந்து அம்மா.

"தலையக் கிள்றேன்."

"அது பாவம், வளரட்டும்னு விடேன்."

"அடியில அடையணும்மா. கீழ அகலமா, மேல குறுகலா நிக்கணும். அப்பத்தான் அடி இலைக்கும் வெயில் கிடைக்கும். நீ உக்காந்தா கீழயிருந்து மேல வரைக்கும் பச்சையா நிக்கும், ஒரு சந்துகூட இருக்காது."

"எனக்கில்லாத வெயில அடி இலைக்குக் குடுக்கறியாக்கும்."

ஆடி முழுக்கச் சாரல். ஹால் சுவரில் பூஞ்சை கரும்புள்ளியாகப் பிடித்தது. அம்மாவின் தொழுகைப் பாயை அடுப்புப் பக்கத்தில் காட்டி உலர்த்தினோம். சேலத்திலிருந்து வந்த உறவுக்காரப் பெண்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து "பொறுமையா இரு" என்று சொல்லிவிட்டு இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று கிளம்பினார்கள். என்கூடப் படித்தவர்கள் மூன்று பேர் பெங்களூரில் ஒரே அறையில் இருந்தார்கள். வந்துவிடு, வந்துவிடு என்று தினமும் மெசேஜ். நான் கடையில் நின்று டீ ஆற்றினேன். என்னை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கத்தான் செய்தார்கள். முப்பது அடி தள்ளி அம்மா இருட்டில் உட்கார்ந்திருந்தாள், நான் வெளிச்சத்தில் நின்றிருந்தேன், இரண்டு பேராலும் அந்த வளைவைத் தாண்டிப் போக முடியவில்லை.

இரண்டு மாதம் ஆனபோது அவள் பேச்சு குறைந்தது. கடையில் இன்றைக்கு எப்படி என்று கேட்பதை நிறுத்தினாள். முட்டை வந்ததா, பால் திரிந்ததா, எதுவும் இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டுத் தட்டை நான் எடுக்கப் போகும்போது வைத்த மாதிரியே இருக்கும். முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனில் சொன்னதற்கு, காலை வெயிலில் அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் பிடித்தது. நான்கு மாதம் பத்து நாள் முடிந்து கதவைத் திறந்து விடும்போது இவள் வெளியே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? வெளிச்சம் என்ற ஒன்றே மறந்துபோயிருந்தால்? அதற்குள் ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது இவளை முற்றத்தில் உட்கார வைத்துவிட வேண்டும். தினமும் காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு செடியிடம் ஓடினேன்.

எண்பத்தைந்தாம் நாள் பெரும்பாலான செடிகள் மூன்றடி இரண்டு அங்குலம். ரோட்டில் போய் நின்று பார்த்தேன். பச்சை. அடியிலிருந்து நுனி வரைக்கும் பச்சை. எங்கள் வீட்டு வாசற்படி தெரியவில்லை, தண்ணி டிரம் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. உள்ளே ஓடிப் போய்ச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை உக்காரறேன்" என்றாள் அம்மா.

வியாழக்கிழமை வாரிசு சான்றிதழ் விஷயமாக நான் சேலத்துக்குப் போக வேண்டியிருந்தது. சாயந்திரம் நாலு மணிக்கு எங்கள் வளைவில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசற்படி தெரிந்தது. தண்ணி டிரம் தெரிந்தது. வாசலில் கிடந்த என்னுடைய செருப்பு, ரோஸ் கலர், அது தெரிந்தது.

ஓடினேன். கரடியூர் மாமா கவாத்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் காலடியில் வெட்டிய கிளைகள் இடுப்பளவு குவிந்திருந்தன. அறுபது செடியும் அடியிலிருந்து ஒன்றரை அடிக்கு மொட்டையாக, வழவழவென்று, குடைக்கம்பி மாதிரி நின்றன. அதற்கு மேலே நடுவைத் திறந்து, குறுக்கே போன கிளையெல்லாம் எடுத்து, உச்சியை ஒரே மட்டமாக வெட்டியிருந்தார். முப்பது வருட வேலை. அவ்வளவு அழகான கவாத்தை நான் எந்த எஸ்டேட்டிலும் பார்த்ததில்லை. அறுபது காப்பிச் செடி.

"என்னங்க மாமா இது?"

"நீ நொம்ப அடைசலா வுட்டுட்டே கண்ணு. உள்ள காத்து போவல, வெளிச்சம் போவல. இப்புடி வுட்டா பூச்சி புடிச்சுப்புடும். அடியச் சுத்தம் பண்ணி, நடுவத் தொறந்து வுட்டுட்டேன். இனிமே பாரு. காலையில வந்தவன் இப்பத்தான் நிமுந்தேன். மச்சானுக்குன்னு ஒண்ணுமே நான் செய்யல. இதாச்சும் செய்யலாம்னு."

"அடைசலா இருக்கணும்னுதாங்க வெச்சேன்!"

"மாடு வராம இருக்கறதுக்கு இது போதும் சாமி. தண்டு இருந்தாச் சரி, மாடு பூராது."

"மாடு இல்லீங்க மாமா! எங்கம்மா! எங்கம்மா வெளிய உக்காரணும், ரோட்டுல போறவன் பாக்கக் கூடாது, அதுக்கு வெச்சது! யாரும் பாக்கக் கூடாது! நீங்களும்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என் சத்தம் எனக்கே கேட்டது. அவர் கத்தியைச் சாக்கில் சுருட்டினார். பொறுமையாகச் சுருட்டினார்.

"முன்னாலயே சொல்லியிருக்கலாமில்ல கண்ணு" என்றார். அப்புறம் வீட்டு ஜன்னல் பக்கம் பார்க்காமல், தலையை மட்டும் அந்தத் திசைக்கு லேசாக ஆட்டி, "தங்கச்சி உள்ளதான் இருக்குதா?" என்று கேட்டார்.

"எங்கங்க போவாங்க? உள்ளதான்."

"காலையிலிருந்தேவா?"

"ஆமாங்க."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்காமல், கரடியூர்ப் பக்கம் நடந்தே போனார்.

உள்ளே போனேன். அம்மா ஜன்னல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். போர்வையின் ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அது எப்போதிருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"பாத்துட்டேதான் இருந்தியா?"

"ம்."

"வெட்டறது தெரிஞ்சுதா?"

"மொதச் செடியிலயே தெரிஞ்சுது."

"அண்ணா, வேண்டாங்கண்ணான்னு ஒரு வார்த்தை! ஒரே வார்த்தைம்மா! உன் சத்தம் அருவி வரைக்கும் கேக்கும், எனக்குத் தெரியாதா? உள்ள இருந்தே கத்தியிருக்கலாம். குரல் குடுக்கறதுல தப்பில்லன்னு ஹஜரத்தே சொல்லியிருக்காரு. கத்தியிருந்தா நிறுத்தியிருப்பாரு!"

"ஆமா. பேச்சையும் நிறுத்தியிருப்பாரு."

எனக்குப் புரியவில்லை. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"உங்கத்தாகிட்டப் பேசிட்டே வெட்டுனாரு. நான் உள்ள இருக்கறேன்னு நெனப்பே இல்லாம. 'மச்சான், எஸ்டேட்டுல இந்த வருசம் காயி நல்லா புடிச்சிருக்குது'ன்னாரு. 'ஒங்க மக டீயில தண்ணிய ஊத்துது மச்சான், ஆனாலும் நான் குடிச்சுட்டுத்தான் போறேன்'னாரு. ஒவ்வொரு செடிக்கும் ஒரு சேதி. அப்புறம் அந்தக் கடைசிச் செடிங்ககிட்ட வந்ததும் கத்தியக் கீழ போட்டுட்டு அழுதாரு. சத்தமா. ஊட்டுக்கு எத்தன பேரு வந்துட்டுப் போனாங்க, எல்லாரும் பொறுமையா இருன்னு சொன்னாங்க. ஒருத்தரும் சத்தமா அழல. நான்கூட."

அன்றைக்குச் சாயந்திரம் அவள் தட்டைக் காலி செய்தாள். எனக்குத்தான் இறங்கவில்லை. செடியிடம் போய்ப் பார்த்தேன். இதைச் சரி செய்ய ஒரு வழிதான் உண்டு. எல்லாவற்றையும் ஒரு அடிக்கு வெட்டிவிட்டு, அடியிலிருந்து புதுச் சிம்பு வெடித்து அடையும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். மூன்று மாதமாவது ஆகும். அல்லது இப்படியே விட்டு, வெளிச்சம் பட்ட தண்டில் தானாகத் துளிர்க்கும் வரைக்கும் பார்க்கலாம். அதற்கும் இரண்டு மாதம். இத்தா முடிய ஆறு வாரம்தான் இருந்தது. எப்படிப் பார்த்தாலும் அவளுக்குத் தேவைப்படாத நாளில்தான் வேலி அடையும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை. ரோடு முழுக்கப் பனி. விடியற்காலைச் சுபுஹு தொழுதுவிட்டு வந்த அம்மா என்னைக் காலால் நெம்பி எழுப்பினாள்.

"எந்திரி. ரோட்டுல போய் நில்லு. என்ன தெரியுதுன்னு பாத்துச் சொல்லு."

"எதப் பாக்கறது? வாசப்படி தெரியுது, டிரம் தெரியுது, நேத்தே பாத்தாச்சு."

"என்னைய."

நான் போர்வையோடு எழுந்து ஓடினேன். ரோட்டில் நின்றேன். பனியில் விராலியின் மொட்டைத் தண்டுகள் கறுப்பாகத் தெரிந்தன. கதவு திறக்கும் சத்தம். பலகையைச் செடிப் பக்கம் இழுக்கிற சத்தம். எண்பத்தேழு நாளுக்குப் பிறகு அம்மா முற்றத்தில் இருந்தாள்.

"உக்காந்துட்டேன். மொகம் தெரியுதா?"

நடுவை அவர் திறந்துவிட்டாலும் முன் வரிசையின் இடைவெளியைப் பின் வரிசைச் செடியின் தலை மூடியிருந்தது. முன்னால் பார்த்தேன், பக்கத்தில் போய்ப் பார்த்தேன். "இல்ல."

"குனிஞ்சு பாரு. எல்லாவனும் நிமுந்தே போவான்னு என்ன இருக்குது?"

குனிந்தேன். "மடி தெரியுது. கை தெரியுது. நீ கைய ஆட்டறது தெரியுது."

கை சால்வைக்குள் போனது. "இப்ப?"

"காலு மட்டும்."

"காலுல என்ன தெரியுது?"

"வெடிப்பு."

செடிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். அவள் சிரிக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சாக்ஸ் எடுத்துட்டு வாடி" என்றாள். நான் வீட்டுப் பக்கம் இரண்டு அடி வைத்தேன்.

"ஏய், நீ வந்துட்டா ரோட்டுல யாரு நிப்பா? எவனாச்சும் வந்தா எனக்கு எப்படித் தெரியும்? அங்கயே நில்லு."

"அப்ப சாக்ஸ்?"

"வேண்டாம். நில்லு."

காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் நின்றேன். பனி மெதுவாக விலகியது. ரோட்டுக்கு எதிரே இருந்த மலைக்கு மேலே வெயில் வந்து, முதலில் செடியின் உச்சியில், அப்புறம் அந்த மொட்டைத் தண்டுகளின் வழியாக உள்ளே கோடு கோடாகப் போய் விழுந்தது. நான் திட்டமிட்டு வளர்த்த அடைசலாக இருந்திருந்தால் பத்து மணி வரைக்கும் அந்த வெயில் உள்ளே போயிருக்காது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஒரு பைக் வந்தது. "பைக்" என்றேன். உள்ளே அசைவு நின்றது. பைக்கில் இருந்தவன் நின்று, "ஏங்க, கடை தொறக்கலீங்களா?" என்றான். "இல்லீங்க" என்று இடைவெளியை மறைத்துக்கொண்டு நகர்ந்து நின்றேன். என் காலுக்குப் பின்னால் எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான். போனான்.

"போயிட்டானா?"

"போயிட்டான். நான் உள்ள வரட்டுமா? குளுருது."

"இப்பத்தானே வெயிலே வந்துச்சு. நில்லு."

முதல் பஸ் வந்து நின்றது. இறங்கியது கரடியூர் மாமா. கடை பூட்டியிருப்பதைப் பார்த்தார், ரோட்டில் செடிக்கு முன்னால் போர்வையோடு நிற்கிற என்னைப் பார்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. வேலியின் அந்தக் கோடிக்குப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முப்பது அடிக்கு இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர்.

"கண்ணு" என்றார், ரோட்டைப் பார்த்தே. "அடியில சிம்பு வெடிக்கும். நான் இனிமே கை வெக்க மாட்டேன்னு உள்ள சொல்லிப்புடு."

உள்ளே கேட்டிருக்கும். அப்புறம் அம்மாவின் பழைய குரல், ஆம்லெட் வரிசைக்குக் கத்துகிற குரல், எனக்குச் சொல்வது போல வந்தது.

"அண்ணனுக்கு ஒரு டீயப் போட்டுக் குடு."

"யாரும்மா போடறது? என்னைய நகர விட மாட்டேங்கற."

"இன்னும் செத்த நேரம்."

மாமா திரும்பாமலே, "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல கண்ணு, நில்லு" என்றார்.

நின்றோம். அடுத்த நாளும் நின்றோம். இத்தா முடிகிற வரைக்கும் மழை இல்லாத காலைகளில் எல்லாம் கடை எட்டரைக்குத்தான் திறந்தது.